திருவனந்தபுரத்தில் காப்புப் பணிக்கூடங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சமுதாயம் தன் உறுப்பினருள் யாரை உழைப்பிற்கு உரியவராகக் கருதியது, யாரை ஊட்டிக் காக்கப்பட வேண்டியவராக மட்டும் கருதியது என்னும் வினா சமூக வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். சாதி, பால், வகுப்பு ஆகியவற்றின் வழியே இவ்வினாவை ஆராய்ந்த நூல்கள் தமிழிலும் மலையாளத்திலும் பல உள. ஆனால் அறிவுசார் குறைபாடுடையோரை மையமாக வைத்து இதனை ஆராயும் முயற்சிகள் அரியன. இக்கட்டுரை திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டு, இத்தகையோருக்கான பணிக்கூடங்கள் தோன்றிய வரலாற்றையும், அவை இன்று எதிர்கொள்ளும் கருத்தியல் மறுப்பையும், அவற்றைக் காக்க வேண்டியதன் தேவையையும் ஆராய முற்படுகிறது.

ஆங்கிலத்தில் 'ஷெல்டர்டு ஒர்க்‌ஷாப்' எனப்படுவதை இக்கட்டுரை 'காப்புப் பணிக்கூடம்' எனக் குறிக்கிறது. பொதுவான வேலைச் சந்தையில் போட்டியிட இயலாதவர்களுக்கென, அவர்தம் வேகத்திற்கும் திறனுக்கும் ஏற்பப் பணியைப் பகுத்தளித்து, மேற்பார்வையோடும் பாதுகாப்போடும் உற்பத்தி நிகழும் இடம் என்பது இதன் பொருள். அறிவுசார் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியன வளர்ச்சிசார் குறைபாடுகள் என்னும் பொதுப்பெயரில் அடங்கும். இவர்களுள் அறிவுசார் குறைபாடுடையோரே காப்புப் பணிக்கூடங்களில் பெரும்பான்மையினர் ஆதலின், கட்டுரை அவர்களையே முதன்மையாகக் கருதுகிறது.

சொல்லும் பொருளும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறும் நிலையில் எண்வகை எச்சங்களைத் தொகுத்துரைக்கின்றார். பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு முதலிய உடற்குறைகளோடு 'மருள்' என்பதும் அவ்வெட்டனுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. அறிவு மயங்கிய நிலை என இதற்குப் பொருள் கொள்ளலாம். இவ்வெட்டினாலும் 'ஊதியம்' இல்லை என முன்னோர் கூறியதாக அப்பாடல் சுட்டுகின்றது. அங்கு ஊதியம் என்பதற்குப் பயன் என்பதே பொருள். இன்றைய தமிழில் அச்சொல் உழைப்பிற்குப் பெறும் கூலியைக் குறிக்கின்றது. பயன் என்னும் பொருளிலிருந்து கூலி என்னும் பொருளுக்கு அச்சொல் நகர்ந்த தொலைவும், 'பயனற்றவர்' என்னும் நிலையிலிருந்து 'தொழிலாளி' என்னும் நிலைக்கு இம்மக்கள் நகர வேண்டிய தொலைவும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கன.

பழந்தமிழ் மரபு இவர்களைக் கைவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், கால் முடமானோர், ஆதரவற்றோர் ஆகியோர்க்கு முன்னர் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்கின்றான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும் நிகழ்ச்சியும் அக்காப்பியத்தில் இடம்பெறுகின்றது. பசிப்பிணி நீக்குதலே தலையாய அறம் என்னும் கொள்கை ஈண்டு உச்சம் பெறுகின்றது. எனினும் அறக்கோட்டத்தில் உண்பவர் பெறுபவராகவே நிற்கின்றார். தருபவராக மாறும் வாய்ப்பு அவருக்கு இல்லை. காப்புப் பணிக்கூடம் என்னும் கருத்தாக்கம் புதுமையுடையதாவது இவ்விடத்தில்தான். அது பெறுபவரின் கையில் ஒரு பணியை வைக்கின்றது.

பெயரிடும் முறையிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. தமிழில் மந்தபுத்தியினர், மனவளர்ச்சி குன்றியோர் என வழங்கியவை இன்று அறிவுசார் குறைபாடுடையோர் என மாறியுள்ளன. ஊனமுற்றோர் என்னும் சொல்லுக்கு மாற்றாக மாற்றுத்திறனாளி என்னும் சொல்லைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. மலையாளத்தில் 'பின்னசேஷி' என்னும் ஆட்சி வேரூன்றியுள்ளது. இவ்விரண்டும் குறையைச் சுட்டாமல் திறனைச் சுட்டுவன. ஆயின் திறன் உண்டு எனப் பெயர் சொல்லும் சமுதாயம் அத்திறனுக்கு இடம் தந்ததா என்பதைப் பெயர்களை மட்டும் கொண்டு அறிய இயலாது. அதற்கு நிறுவனங்களின் வரலாற்றை நோக்க வேண்டும்.

மனநல மருத்துவமனையும் சட்ட வரையறையும்

திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம் (1860-1880) நவீன நிறுவனங்கள் பல உருப்பெற்ற காலமாகும். திருவனந்தபுரம் மனநல மருத்துவமனை 1870இல் தொடங்கப்பெற்றது. ஊளம்பாறை என்னும் ஊர்ப்பெயரே அம்மருத்துவமனையைக் குறிக்கும் ஆகுபெயராகப் பேச்சு வழக்கில் நிலைத்தமை, அந்நிறுவனம் மக்கள் மனத்தில் பெற்ற இடத்தைக் காட்டும்.

மனநோயும் அறிவுசார் குறைபாடும் வேறுவேறு. முன்னது பிற்பட்டு வரக்கூடியது, மருத்துவத்தால் தணியக்கூடியது. பின்னது பிறப்பிலோ வளர்பருவத்திலோ அமைவது. நோயன்று, வளர்ச்சியின் ஒரு நிலை. ஆனால் சட்டம் நெடுங்காலம் இவ்வேறுபாட்டைப் பேணவில்லை. பிரித்தானிய இந்தியாவின் 1912ஆம் ஆண்டுப் பித்தர் சட்டம், அறிவு வளர்ச்சியற்றவரையும் மனநிலை பிறழ்ந்தவரையும் ஒரே வரையறைக்குள் அடக்கியது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டமே மனவளர்ச்சிக் குறையை மனநோய் என்னும் வரையறையினின்று வெளிப்படையாக விலக்கியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993இல் ஆகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இக்கலப்பு தொடர்ந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரண்டும் 'மனம் சார்ந்த குறைபாடு' என்னும் ஒரே தலைப்பில் எண்ணப்பட்டன. 2011இல்தான் அவை பிரித்தெண்ணப்பட்டன. அக்கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடியினர்; அவர்களுள் அறிவுசார் குறைபாடுடையோர் 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கேரளத்தின் மாற்றுத்திறனாளிகள் தொகை 7.61 இலட்சம்.

தனியே எண்ணப்படாத ஒரு மக்கட்பிரிவுக்குத் தனியே திட்டம் வகுத்தல் அரிது. அறிவுசார் குறைபாடுடையோருக்கான வேலைவாய்ப்பு அரசின் சிந்தனைக்கு மிகக் காலந்தாழ்ந்து வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சிறப்புப் பள்ளிகளின் தோற்றம்

இத்துறையில் முதல் முயற்சிகள் பெரும்பாலும் பெற்றோராலும் தொண்டு அமைப்புகளாலும் மேற்கொள்ளப்பட்டன. மும்பையில் ஜெய் வகீல் பள்ளி 1944இல் ஒரு பெற்றோர் இணையரால் தம் மகளின் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் வழிநடத்திய கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பு 1953இல் பால விகார் பள்ளியை நிறுவியது. மத்திய அரசின் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் செகந்திராபாத்தில் 1984இல்தான் உருவாயிற்று.

திருவனந்தபுரத்தில் இத்துறையின் முன்னோடியாகக் கருதத்தக்கவர் அருட்தந்தை தாமஸ் பெலிக்ஸ் ஆவார். சி.எம்.ஐ. துறவற சபையைச் சேர்ந்த இவர் முறிஞ்ஞபாலத்தில் 1980இல் மத்திய மனவளர்ச்சிக் குறை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தேசிய நிறுவனத்திற்கும் நான்கு ஆண்டுகள் முற்பட்டது இது. குழந்தைகளுக்குக் கல்வியளிப்பதோடு சிறப்பாசிரியர்களை உருவாக்குவதையும் இந்நிறுவனம் தன் பணியாகக் கொண்டது. அரசுத் தரப்பில், காரியவட்டத்திற்கு அணித்தான பாங்கப்பாறையில் மனவளர்ச்சி குன்றியோருக்கான மாநில நிறுவனம் உருவாயிற்று. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987இல் அமைந்த குழந்தை வளர்ச்சி மையம், குறைபாடுகளைத் தொடக்க நிலையிலேயே கண்டறியும் பணியில் சிறப்புப் பெற்றது.

இந்நிறுவனங்களின் வரலாற்றில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகின்றது. இவை அனைத்தும் குழந்தையை நோக்கித் தொடங்கியவை. பள்ளியில் சேர்ந்த குழந்தை பதினைந்து, இருபது ஆண்டுகளில் இளைஞராகும் என்பது எளிய உண்மை. எனினும் அவ்விளைஞர் எங்குச் செல்வார் என்னும் வினா, முதல் தலைமுறை மாணவர்கள் வளர்ந்து நின்ற பின்னரே நிறுவனங்களின் முன் எழுந்தது. பிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் பின் கல்லூரி, தொழில், திருமணம் எனப் பாதைகள் விரியும். இவர்களுக்குப் பதினெட்டு வயதில் பாதை வீட்டின் உள்ளறைக்கே திரும்பியது. பள்ளியில் கற்ற நேர ஒழுங்கும் தூய்மைப் பழக்கமும் பேச்சும் பயன்படுத்தும் இடமின்றித் தேய்ந்தன. சிறப்புப் பள்ளிகள் தொழிற்பயிற்சிப் பிரிவுகளைச் சேர்த்துக்கொண்டதும், அப்பிரிவுகள் மெல்ல மெல்லப் பணிக்கூடத் தன்மை பெற்றதும் இவ்வெற்றிடத்தை நிரப்பவே ஆகும்.

வெங்கானூரும் பட்ஸ் நிறுவனங்களும்

நகரத்தின் தொண்டு நிறுவனங்களுக்கு வந்து சேரக்கூடிய குடும்பங்கள் சிலவே. நாள்தோறும் பேருந்தில் அழைத்து வரவும் அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும். அவர் தம் வேலையை இழக்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்தால் இது இயலாது. இச்சிக்கலுக்குத் தீர்வாகக் கேரளம் கண்ட அமைப்பே பட்ஸ் பள்ளியாகும்.

1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், ஊராட்சிகளின் கையில் நிதியையும் திட்டமிடும் உரிமையையும் அளித்தது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்களின் அண்டை அயல் குழுக்களை வீட்டு வாசல்வரை கொண்டு சென்றது. இவ்விரண்டும் இணைந்த இடத்தில், 2004 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்கானூர் ஊராட்சியில் முதல் பட்ஸ் பள்ளி தொடங்கப்பெற்றது. அந்நாளே பட்ஸ் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. வெங்கானூர் அய்யன்காளி பிறந்த ஊர் (1863) என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்க வேண்டும் என்னும் போராட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்த மண்ணில் எழுந்ததோ, அதே மண்ணில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் வேறொரு விலக்கப்பட்ட பிரிவினருக்குப் பள்ளி திறந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் கல்வி மறுப்பு, உழைப்பின் மதிப்பை மறுத்தலோடு இணைந்தே வரும் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

பட்ஸ் அமைப்பில் இரு படிகள் உள்ளன. குழந்தைகளுக்குரியது பட்ஸ் பள்ளி. பதினெட்டு வயது கடந்தோர்க்குரியது பட்ஸ் மறுவாழ்வு மையம். ஊராட்சி அல்லது நகராட்சி இவற்றை நடத்துகின்றது. குடும்பஸ்ரீ துணை நிற்கின்றது. இன்று மாநிலம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிறுவனங்கள் இயங்குகின்றன. காசர்கோடு மாவட்டத்தில் எண்டோசல்ஃபான் நச்சால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் இவ்வமைப்பே புகலிடமாயிற்று. மறுவாழ்வு மையங்களில் காகிதப்பை, துணிப்பை, விதை பொதிந்த காகிதப் பேனா, மெழுகுவத்தி, சவர்க்காரம், மிதியடி, குடை முதலியன உருவாகின்றன. இவ்வுற்பத்திப் பொருள்களுக்கு இடப்பட்ட வணிகப்பெயர் 'இதள்' என்பதாகும். தமிழ் 'இதழ்' என்பதன் மலையாள வடிவம் இது. மொட்டு என்னும் பொருள்படும் பட்ஸ், இதழாக விரிகின்றது என்னும் கருத்து இப்பெயரில் அமைந்துள்ளது.

கலைத்துறையிலும் ஒரு முயற்சி நிகழ்ந்துள்ளது. கழக்கூட்டத்தில் மந்திரக் கலைஞர் கோபிநாத் முதுகாடு 2014இல் தொடங்கிய மேஜிக் பிளானட் என்னும் அரங்கைச் சார்ந்து, 2019இல் டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் உருவாயிற்று. அங்கு மாற்றுத்திறன் கொண்ட இளையோர் மந்திரக் கலை, இசை, ஓவியம் முதலியவற்றில் பயிற்சி பெற்று மக்கள் முன் நிகழ்ச்சி அளிக்கின்றனர். காகிதப்பை ஒட்டுதல் ஒன்றே இவர்களுக்குரிய பணி என்னும் எண்ணத்தை இம்முயற்சி மறுக்கின்றது.

பணிக்கூடத்தின் செயல்முறை

காப்புப் பணிக்கூடத்தைத் தொலைவிலிருந்து காண்போர் அதனைப் பொழுதுபோக்கு இடமாகக் கருதுவதுண்டு. அதன் உள்ளமைப்பை அறிந்தால் இக்கருத்து மாறும். ஒரு காகிதப்பையைச் செய்தல் நமக்கு ஒரு செயல். பணிக்கூடத்தில் அது தாளை எடுத்தல், சட்டத்தில் பொருத்துதல், கோட்டின்மேல் மடித்தல், ஓரத்தில் பசை தடவுதல், அழுத்துதல், அடிப்பகுதி மடித்தல், துளையிடுதல், கயிறு கோத்தல், எண்ணி அடுக்குதல் எனப் பல செயல்களாகப் பிரியும். இப்பகுப்பே பணிக்கூடத்தின் உயிர்நாடி. நுண்ணிய விரலசைவு இயலாதவர் அழுத்தும் பணியைச் செய்வார்; ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அமைதி காணும் ஆட்டிச இளைஞர் மடிக்கும் பணியைச் செய்வார்; எண்ணத் தெரியாதவர் பத்துக் குழிகள் கொண்ட பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பத்தை நிறைவு செய்வார். குறை மனிதரிடம் உள்ளது எனக் கொண்டு அவரை மாற்ற முயலாமல், பணியை மனிதருக்கேற்ப மாற்றும் முறை இது.

இதன் பயன் உற்பத்தியில் மட்டும் அமைவதன்று. காலையில் புறப்பட ஓர் இடம், தன் பெயருக்கென ஓர் இருக்கை, உடன் உண்ணும் தோழர், வாரத்தில் விடுமுறை நாள் ஆகியன உழைக்கும் மனிதரின் வாழ்க்கையை வகுப்பன. வேலைநாள் இல்லாதவர்க்கு விடுமுறையும் இல்லை. இன்னொரு பயன் தாய்க்கு உரியது. மகனோ மகளோ பணிக்கூடத்தில் இருக்கும் நேரமே அவர் வேலைக்குச் செல்லவும், மருத்துவரைக் காணவும், சற்று ஓய்வு கொள்ளவும் கிடைக்கும் நேரம். வீட்டில் பராமரிப்போருக்குக் கேரள அரசு 'ஆசுவாசகிரணம்' திட்டத்தின் வழியே வழங்கும் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை ஒரு துணை. ஆனால் அது நேரத்தைத் தருவதில்லை. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக இம்மையங்கள் மூடப்பட்டபோது, பழகிய ஒழுங்கு குலைந்த நிலையும் அதனால் குடும்பங்கள் அடைந்த அல்லலும் இவ்வுண்மையை வெளிப்படுத்தின.

பொருளியல் நோக்கில் இக்கூடங்கள் வலுவற்றவை. கையால் செய்த பொருள், எந்திரத்தில் செய்த பொருளோடு விலையில் போட்டியிட இயலாது. ஓணம், கிறித்துமசு, பள்ளித் திறப்பு ஆகிய பருவங்களில் விற்பனை எழும், பின்னர் விழும். அலுவலகங்கள் கணினிக்கு மாறியபின் உறைகளுக்கும் கோப்பட்டைகளுக்கும், வகுப்பறைகள் திரைக்கு மாறியபின் சுண்ணக்கட்டிக்கும் இருந்த தேவை குறைந்து வருகின்றது. மாறாக, 2020 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களைக் கேரள அரசு தடை செய்தமை காகிதப்பைக்கும் துணிப்பைக்கும் புதிய இடத்தை உண்டாக்கியது. ஓர் அரசாணை பணிக்கூடத்திற்குச் சந்தையை உருவாக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

சட்டங்களின் போக்கு

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் கூறு வேலை பெறும் உரிமையையும், உடற்குறை முதலிய நிலைகளில் அரசின் உதவியையும் ஒருசேரப் பேசுகின்றது. ஆனால் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் ஒன்பதாம் பதிவு, குறைபாடுடையோரையும் வேலைக்குத் தகுதியற்றோரையும் ஒரே தொடரில் இணைத்து அவர்க்கான துயர் தணிப்பு எனக் குறிக்கின்றது. குறைபாடு என்பது வேலைக்குத் தகாமை என்னும் எண்ணம் இத்தொடரமைப்பில் உறைந்துள்ளது எனலாம். 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, குறைபாடுடைய தொழிலாளர்க்கு அச்சட்டம் பொருந்தாது என ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனவளர்ச்சிக் குறையைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. எனினும் அரசுப் பணிகளில் அது வகுத்த மூன்று விழுக்காடு இடஒதுக்கீடு பார்வைக் குறை, செவித்திறன் குறை, இயக்கக் குறை ஆகிய பிரிவினர்க்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடுடையோர் பட்டியலில் இடம்பெற்றும் பங்கில் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோர்க்கெனவே இயற்றப்பெற்றது. பெற்றோரின் மறைவுக்குப் பின் இவர்களைக் காப்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 'எங்களுக்குப் பின் யார்?' என்னும் பெற்றோரின் வினா சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது அப்போதுதான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய பிரிவினர்க்குப் பொதுவாக அளித்தது. இருபத்தோர் ஆண்டுகளின் விடுபாடு இவ்வாறு நீங்கியது. நம் ஆய்வுக்கு இதனினும் முதன்மையானவை இரு பிரிவுகள். 19ஆம் பிரிவு, வளர்ச்சிசார் குறைபாடுடையோர்க்குச் சந்தையோடு இணைந்த தனித் திறன்பயிற்சியையும், அவர்கள் செய்யும் பொருள்களைச் சந்தைப்படுத்துதலையும் அரசின் கடமையாகக் கூறுகின்றது. 37ஆம் பிரிவு, உற்பத்தி மையங்கள் முதலியன அமைக்கச் சலுகை விலையில் நிலம் ஒதுக்குவதில் ஐந்து விழுக்காட்டைக் குறிக்கின்றது. காப்புப் பணிக்கூடம் என்னும் பெயரை வழங்காமலே அதற்குரிய சட்ட அடிப்படையை இப்பிரிவுகள் தருகின்றன.

உலக அரங்கில் எழுந்த மறுப்பு

இந்தியாவில் இக்கூடங்கள் ஊராட்சி தோறும் பரவத் தொடங்கிய காலத்திலேயே மேலை நாடுகளில் அவற்றிற்கு எதிரான கருத்து வலுப்பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1955இல் வெளியிட்ட 99ஆம் பரிந்துரை, காப்புப் பணியை மறுவாழ்வின் ஏற்கத்தக்க வழிகளுள் ஒன்றாகவே கூறியது. பிரிட்டனில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான ரெம்ப்ளாய் நிறுவனம் 1946இல் முதல் ஆலையைத் திறந்தது. அதன் ஆலைகள் 2012, 2013ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டன. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுடையோர்க்குக் குறைந்தபட்சக் கூலியினும் குறைவாக வழங்க இடமளித்தது. அம்முறையைப் படிப்படியாக நீக்க 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தொழிலாளர் துறை முன்வைத்த வரைவு, 2025இல் திரும்பப் பெறப்பட்டது.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அதன் 27ஆம் கூறு, அனைவரையும் உள்ளடக்கிய திறந்த வேலைச் சந்தையில் பணிபுரியும் உரிமையைக் கூறுகின்றது. அவ்வுடன்படிக்கையின் குழு 2022இல் வெளியிட்ட எட்டாம் பொதுக்கருத்துரை, காப்புப் பணிக்கூடம் உள்ளிட்ட பிரித்து வைக்கும் பணிமுறைகளைக் கைவிடுமாறு நாடுகளை வலியுறுத்துகின்றது. இதன்பின் உள்ள வாதங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. பணிக்கூடங்கள் மனிதரைச் சமுதாயத்தினின்று பிரிக்கின்றன. மிகக் குறைந்த தொகையைக் கூலியாகத் தருகின்றன. வெளி வேலைக்கு ஆயத்தப்படுத்துவதாகக் கூறி வாழ்நாள் முழுவதும் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்பனவே அவ்வாதங்கள்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் இக்கூடங்களை 2002 அளவில் முற்றிலும் மூடியது. அங்கு ஒவ்வொருவருக்கும் வெளி வேலையில் துணை நிற்கும் பயிற்றுநர் அளிக்கப்பட்டார். மூடுதல் வெற்றி பெற்றமைக்கு அத்துணை அமைப்பே காரணம். ஆகவே ஒரு கூடம் மூடப்படும்பொழுது அங்கிருந்தவர் எங்குச் செல்கின்றார் என்பதைக் கொண்டே அச்செயலை மதிப்பிட வேண்டும்.

காக்க வேண்டியதும் மாற்ற வேண்டியதும்

மேலை நாடுகளின் வரலாற்றையும் திருவனந்தபுரத்தின் வரலாற்றையும் ஒப்பிட்டால் ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகும். அங்குப் பணிக்கூடம், பெரும் காப்பகங்களில் மனிதரை அடைத்து வைத்த முறையின் தொடர்ச்சியாகப் பார்க்கப்படுகின்றது. இங்கு அது வீட்டின் உள்ளறையினின்று மனிதரை வெளிக்கொணர்ந்த முதல் இடமாக அமைந்தது. தன் ஊராட்சியிலேயே, தன் தெருவினர் காணும் வகையில் அமைந்த மையத்தைப் பிரித்து வைக்கும் இடம் என முழுமையாகக் கூற இயலாது. இதனை மூடினால் பெரும்பான்மையினர் செல்லும் இடம் திறந்த வேலைச் சந்தையாக இராது. மீண்டும் அதே உள்ளறையாகவே இருக்கும். கேரளத்தில் குடும்பங்கள் சிறுத்தமையும், பிள்ளைகள் அயல்நாடு செல்வதும், பெற்றோர் முதுமை எய்துவதும் இந்நிலையை மேலும் கடுமையாக்குவன.

ஆயினும் காத்தல் என்பது உள்ளதை உள்ளவாறே வைத்திருத்தல் அன்று. பணிக்கூடங்களில் மாறாமல் தொடரக்கூடாத ஒன்று, 'பயிற்சியாளர்' என்னும் பெயராகும். ஒருவர் பத்தாண்டுகளாகப் பை செய்து, அவர் செய்த பை விற்பனையாகியும், அவர் இன்னும் பயிற்சி பெறுபவராகவே பதிவேட்டில் இருத்தல் முறையன்று. பயிற்சிக்கு முடிவு உண்டு. முடிந்தபின் அவர் தொழிலாளி. அவர் பெறுவது ஊக்கத்தொகையாக இராமல் ஊதியமாக இருக்க வேண்டும். அவரது உற்பத்தித் திறன் குறைவெனின், அவ்வேறுபாட்டை ஈடு செய்யும் பொறுப்பு அரசையும் சமுதாயத்தையும் சாருமேயன்றி அவரைச் சாராது. இதற்கான செலவைக் கணக்கிடும்பொழுது, தாயின் வேலைநேரம் மீட்கப்படுவதையும் சேர்த்தே கணக்கிடுதல் பொருந்தும்.

இரண்டாவது, கூடத்தின் கதவு வெளிப்புறமாகவும் திறத்தல் வேண்டும். வெளி வேலைக்குச் செல்ல விரும்புவோர்க்குத் துணைப்பயிற்றுநரும், அங்கு இயலாதபோது திரும்பி வரும் உரிமையும் தேவை. திரும்பும் இடம் உண்டு என்னும் உறுதியே பல குடும்பங்களை வெளி வேலைக்கு உடன்படச் செய்யும். மூன்றாவது, அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தமக்கு வேண்டிய பை, கோப்பட்டை, தூய்மைப் பொருள்களில் ஒரு பங்கை இக்கூடங்களிடம் ஆண்டு முழுவதும் கொள்முதல் செய்தால் பருவகால விற்பனையின் நிலையாமை நீங்கும்.

நான்காவது, மொழி சார்ந்தது. அறிவுசார் குறைபாடுடையோர்க்கு வீட்டில் பேசும் மொழியே பணியைக் கற்கும் மொழியாதல் வேண்டும். இரு மொழிகளுக்கிடையே மாறும் சுமையைப் பலரால் தாங்க இயலாது. சாலை, கரமனை, கோட்டை முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் திருவனந்தபுரத்தில், தமிழிலும் அறிவுறுத்தவல்ல பயிற்றுநரும் படக்குறிப்புகளும் எளிய தமிழ்ப் பணிவிளக்கங்களும் தேவைப்படுகின்றன. கேரளத்துத் தமிழ்த்துறைகள் நேரடியாகத் துணைசெய்யத்தக்க களம் இது.

முடிவுரை

திருவனந்தபுரத்தில் அறிவுசார் குறைபாடுடையோரின் வரலாறு, மருத்துவமனை, பள்ளி, பணிக்கூடம் என மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. 1870இல் மனநல மருத்துவமனையும், 1980இல் சிறப்பு நிறுவனமும், 2004இல் வெங்கானூர்ப் பள்ளியும் இப்பாதையின் அடையாளக் கற்கள். முதல் நிலையில் இவர்கள் தனித்து அறியப்படவில்லை. இரண்டாம் நிலையில் குழந்தைகளாக மட்டும் அறியப்பட்டனர். மூன்றாம் நிலையில்தான் வளர்ந்த மனிதராக, உழைக்கவல்லவராக அறியப்பட்டனர். அம்மூன்றாம் நிலை இரண்டு தலைமுறை முதிர்ச்சி கூடப் பெறாதது. அதனை மேலை நாட்டு அளவுகோல் ஒன்றை மட்டும் கொண்டு அகற்றுதல், பெற்ற இடத்தையும் இழக்கச் செய்யும்.

அதே வேளையில், தொழிலாளி என்னும் தகுதியும் உரிய கூலியும் வெளிச்செல்லும் வழியும் இல்லாத பணிக்கூடம் அறக்கோட்டத்தின் மறுவடிவமாகவே எஞ்சும். எச்சங்களால் ஊதியம் இல்லை எனப் பழம்பாடல் சுட்டிய கருத்தை, நாள்தோறும் நூற்றுக்கணக்கான கைகள் மடித்து ஒட்டி அடுக்கும் பொருள்கள் மறுத்து வருகின்றன. பயன் என்னும் பழைய பொருளில் ஊதியம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. கூலி என்னும் இன்றைய பொருளில் அது அவர்களைச் சென்று சேர்தலே இனி நிகழ வேண்டுவதாகும்.